வீட்டில் கேஸ்தான்

பக்ருதீன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சரியாக இருபத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு யார் கையையும் பிடிக்காமல் வண்டியிலிருந்து இறங்கிய மனிதர், ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்பட்டையைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி நசீம் பானு அவருடைய விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை மாட்டினாள். சிவப்பு எண் எண்பத்தொன்பதில் தொடங்கி எண்பத்தாறில் போய் நின்றது. காலையில் அது தொண்ணூற்று நாலு.

“நியாசு! வண்டிய எடு!”

அவள் தம்பி நியாஸ் வாசலில் காலிப் பிரியாணித் தேக்சாவைக் கழுவிக்கொண்டிருந்தான். ஈரக் கையோடு உள்ளே ஓடிவந்தான்.

“என்னாக்கா, மத்தியானம் நல்லாத்தானே இருந்தாக? இன்னொரு துண்டு கறி வையிடான்னு கேட்டு வாங்கித் தின்னாகளே.”

“பேச நேரமில்ல. மச்சானைப் பிடி.”

பக்ருதீன் கையைக் காட்டித் தடுத்தார். பேசுவதற்கு மூச்சு இல்லை, ஆனால் தானே எழுந்துகொள்வேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். எழுந்தார். மூன்று எட்டு வைத்தார். அதற்கு மேல் நியாஸ் கேட்கவில்லை.

பிரியாணி கொண்டுபோகும் லோடு ஆட்டோவில் முன்னால் ஆண்கள் இருவரும் உட்கார, நசீம் பானு பின்னால் காலிப் பாத்திரங்களுக்கு நடுவில் ஏறிக்கொண்டாள். பேகம்பூரைத் தாண்டும் வரை அவள் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தாள். முதல் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆறு நாள் தாங்கியது. போன தடவை மூன்று நாள். இந்தத் தடவை ஒன்றேகால் நாள்கூட முழுசாக இல்லை.

நெஞ்சு டாக்டர் இளஞ்செழியனின் கிளினிக்கில் ஆறு படுக்கைகள். நேற்றுக் காலி செய்த அதே படுக்கை இன்னும் காலியாகவே இருந்தது.

“என்னம்மா, நேத்துத்தானே அனுப்பினேன்?” என்றார் டாக்டர். பக்ருதீனின் முகத்தில் மருந்துப் புகை வரும் முகமூடியை மாட்டிவிட்டு, முதுகில் நாலு இடத்தில் குழலை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் எரிச்சல் தெரிந்தது. நோயாளி மீது இல்லை. விடை வராத கணக்கைப் பார்க்கும் எரிச்சல்.

முதல் தடவையே அவர் விளக்கமாகச் சொல்லியிருந்தார். மூச்சுக் குழாய்கள் சுருங்கிப்போய்விட்டன. பழையபடி விரியாது. இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். ஆனால் இப்படி மூச்சு முட்டிக்கொண்டு ஓடிவரும் ஒவ்வொரு தடவையும் இருப்பதில் கொஞ்சம் போகும். போனது போனதுதான். மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்த ஒரு வார்த்தை நசீம் பானுவின் காதில் தங்கிவிட்டது. அதனால்தான் அவள் நாட்களை எண்ணினாள்.

“இங்க இருந்தா நாலே நாள்ல தேறிடறார். வீட்டுக்குப் போனா விழுந்துடறார். அப்போ வீட்டுலதான் ஏதோ இருக்கு” என்றார் டாக்டர். மேசையில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். “தோல் பதனிடற ஷாப்புல எத்தனை வருஷம்?”

“பதினெட்டு வருசம். விட்டு ஒன்பது வருசம் ஆச்சு சார்.”

“பீடி?”

“அதுவும் அன்னிக்கே விட்டாச்சு.”

“சாம்பிராணி போடுவீங்களா?”

“வெள்ளிக்கிழமை போடுவோம். இனிமே போட மாட்டேன்.”

“கொசுவத்தி?”

“அதையும் தூக்கிப் போட்டுறேன்.”

“வீட்டுல எதுல சமைக்கிறீங்க?”

“கேஸ்தான் சார்.”

டாக்டர் எழுதிக்கொண்டார்.

அது பொய் இல்லை. வீட்டு அடுப்பங்கரையில் இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு இருக்கிறது. டீ, இட்லி, மீன் குழம்பு எல்லாம் அதில்தான். கொல்லையில் தகரக் கொட்டகைக்குள் இருக்கிற மூன்று விறகு அடுப்புகள் வீட்டுச் சமையலுக்கு இல்லை, ஆர்டருக்கு. தெருமுனைப் பலகையில் பச்சை எழுத்தில் எழுதியிருக்கிறது: ‘நசீம் பானு விறகு அடுப்பு பிரியாணி. விசேஷங்களுக்கு ஆர்டர் எடுக்கப்படும்.’ அன்று காலையிலும் மூன்றும் எரிந்தன. கணவர் நல்லபடியாக வீட்டுக்கு வந்தால் தெருவுக்கே பிரியாணி கொடுப்பதாக அவள் நேர்ந்திருந்தாள். விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் தீ மூட்டி, பத்து கிலோ சீரகச் சம்பாவைத் தம் போட்டு, மூடி மேல் கங்கு அள்ளி வைத்து இறக்கினாள். கொல்லைப் பக்க ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பக்ருதீன் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கங்கு பத்தாது நசீமு, இன்னும் ரெண்டு வையி” என்று யோசனையும் சொன்னார். வெகுநாளைக்குப் பிறகு வீடு வீடாக இருந்தது.

கேஸ்தான் என்று சொன்ன அந்த நிமிஷத்தில் கொட்டகை அவள் நினைவில் வந்து நின்றது. டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவளும் கூடவே போய்விட்டாள். முகமூடிக்கு மேலே பக்ருதீனின் கண்கள் ஒரு தரம் அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டன.

நாலு நாளில் அவர் தேறினார். புதன்கிழமை வீட்டுக்கு வந்தார்.

இந்தத் தடவை நசீம் பானு முதலில் வீட்டை ஒரு வழி பண்ணினாள். சாம்பிராணித் தட்டு பரணுக்குப் போனது. கொசுவத்தி போய்க் கொசுவலை வந்தது. தலையணை, மெத்தை வெயிலுக்குப் போயின. விளக்குமாற்றுக்குப் பதில் ஈரத்துணி. அதற்கப்புறம் வெளியே கிளம்பினாள்.

தெருக்கோடியில் வாய்க்காலை ஒட்டிக் காலி மனை ஒன்று இருக்கிறது. தெருக் குப்பை முழுவதும் அங்கேதான் சேரும். தினமும் காலை ஆறரைக்கு அதைக் கொளுத்துவார்கள். பாலித்தீன், தென்னை மட்டை, தோல் துண்டு என்று எல்லாம் சேர்ந்து எரியும்போது வரும் நெடி, வெறும் வயிற்றில் போனால் குமட்டும். மச்சானுக்கு ஆகாதது அந்தப் புகைதான் என்று நியாஸ் சொன்னான். தெருவும் அதையே சொன்னது. நசீம் பானுவுக்கு அதை நம்புவதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்க் குப்பைக் குவியலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கொளுத்துகிறவள் ஒச்சாயி. ஒப்பந்தத்தில் தெருக் கூட்டுகிற பெண். தீப்பெட்டியோடு வந்தவள் நின்றுவிட்டாள்.

“எந்திரிங்கக்கா, நேரமாகுது.”

“நீ கொளுத்து. நான் எந்திரிக்க மாட்டேன்.”

“ஒங்களையும் சேத்தா கொளுத்தச் சொல்றீக?”

“எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டுது ஒச்சாயி. நாலு தடவை ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு.”

“எனக்கு மட்டும் ஆசையாக்கா? வண்டி மூணு நாளைக்கு ஒருக்காதேன் வருது. குப்பை கெடந்தா மேஸ்திரி ஏசுவாரு. அள்ளி எங்க போடச் சொல்றீக, என் தலையிலயா?”

“அப்ப வா, ரெண்டு பேரும் போய் வண்டியக் கேப்போம்.”

அன்றே வார்டு அலுவலகத்துக்குப் போனார்கள். நாளை பார்க்கலாம் என்றார்கள். மறுநாள் பார்த்தார்கள். அதற்கு மறுநாள் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேர் போனார்கள். காலையில் நாற்காலியும் போய்க்கொண்டிருந்தது; அது வீடு திரும்பிய பிறகு குவியல் எரியத்தான் செய்தது. ஆர்டர் இருந்த நாட்களில் நசீம் பானு அடுப்பைப் பற்றவைத்து, வெங்காயம் வதக்கும் பொறுப்பை நியாஸிடம் விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள். பத்தாம் நாள் குப்பை வண்டி வந்தது. பதினொன்றாம் நாளும் வந்தது. அதன் பிறகு அந்த மனையில் தீ எரியவில்லை.

அந்தப் பதினொன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒச்சாயியை வீட்டுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தாள். கொல்லை நடையில் உட்கார்ந்து ஒச்சாயி டீயை ஊதிக் குடித்தாள். கொட்டகையில் ஒரு நிச்சயதார்த்த ஆர்டருக்காகப் புளிய விறகு நின்று எரிந்துகொண்டிருந்தது.

“ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்கிருவீகளா?”

“கேளு.”

“நான் ஒரு குவியலக் கொளுத்துனா அரை மணி நேரம். நீங்க விடியப் பாங்கு சொன்னதுல இருந்து பதினோரு மணி மட்டுக்கும் கொளுத்துறீக. என் புகை மட்டும் அண்ணனுக்கு ஆகாதாக்கும்? ஒங்க புகையில என்ன, ஏலக்காய் போட்டிருக்கா?”

நியாஸ் சிரித்துவிட்டான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் கரண்டியை வேகமாகக் கிண்டத் தொடங்கினான்.

“டீயக் குடிச்சிட்டுக் கிளம்பு ஒச்சாயி” என்றாள் நசீம் பானு.

ஆனால் அந்த ஏலக்காய் அவளை விடவில்லை.

டாக்டர் சொன்னபடி காலை, மதியம், மாலை மூன்று வேளையும் கிளிப் காட்டுகிற எண்ணை ஒரு நோட்டில் எழுதிவந்தாள். எழுதுவது மட்டும்தான் வழக்கம். அன்று சாயங்காலம் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். வியாழன் தொண்ணூற்று நாலு. வெள்ளி மாலை எண்பத்தொன்பது. சனி தொண்ணூற்று மூன்று. ஞாயிறு மாலை எண்பத்தெட்டு. அடுத்த வாரமும் அப்படியே. குப்பை எரிந்த நாட்களுக்கும் எரியாத நாட்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வெள்ளிக்கும் ஞாயிறுக்கும்தான் வித்தியாசம். கல்யாணம், வலிமா விருந்து, பெயர் வைப்பது எல்லாம் வெள்ளியும் ஞாயிறும்தான் வரும்.

நோட்டை மூடினாள். எழுந்துபோய்க் கொல்லைப் பக்க ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தாள்.

“வேக்காடா இருக்கு நசீமு” என்றார் பக்ருதீன்.

“செத்த நேரம் பொறுத்துக்கங்க.”

அவர் பொறுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு மாலை எண்பத்தெட்டுதான் காட்டியது. கொட்டகைத் தகரத்துக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. துண்டால் அடைக்கிற அளவு இல்லை.

மறுநாள் டாக்டரிடம் காட்டப் போனார்கள். நோட்டை வாங்கி டாக்டர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். நசீம் பானு தன் மடியில் இருந்த கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இப்போது கேட்பார், கேட்டால் சொல்லிவிட வேண்டியதுதான் என்று இருந்தது.

“வெள்ளி, ஞாயிறு. வெள்ளி, ஞாயிறு. ஆணி அடிச்ச மாதிரி” என்றார் டாக்டர். நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் பக்ருதீனைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. “பாய், உண்மையைச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போறீங்க. ஞாயித்துக்கிழமை பழைய கூட்டாளிங்க வருவாங்க. டீக்கடையில நிப்பீங்க. ஒரு பீடி கைமாறும். அதானே?”

பக்ருதீன் மேசையிலிருந்த நோட்டைத் தன் பக்கம் இழுத்து மூடினார்.

“நான் மருந்தை ஏத்திக்கிட்டே போறேன். நீங்க மறைச்சா நான் என்ன செய்ய முடியும்?”

பக்ருதீன் தரையைப் பார்த்தார். பிறகு, “ஆமா சார். ஒண்ணு ரெண்டு” என்றார்.

நசீம் பானு திரும்பி அவரைப் பார்த்தாள். இந்த ஒன்பது வருஷமும் அவர் சட்டைகளைத் துவைத்தவள் அவள். எந்தப் பையில் என்ன இருக்கும், எந்தச் சட்டையில் என்ன வாடை இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இந்த மனிதர் பீடியை விட்ட அன்று கட்டோடு கொண்டுபோய் வாய்க்காலில் போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவளும் அவள்தான்.

டாக்டர் திட்டினார். கோபமாகத்தான் திட்டினார். தன் உயிரின் மேல் அக்கறை இல்லாதவருக்கு மருந்து எழுதி என்ன பயன் என்றார். ஐம்பத்தைந்து வயசு ஆள் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையைக் குனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டார். நோயாளிச் சீட்டின் மேல் மூலையில் டாக்டர் சிவப்புப் பேனாவால் ஏதோ எழுதி வட்டம் போட்டார்.

வீடு வந்து சேர்ந்தார்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு நிதானமாகும் வரை அவள் காத்திருந்தாள்.

“எப்பங்க பீடி குடிச்சீக?”

“விடு.”

“விட மாட்டேன். எப்பக் குடிச்சீக?”

“அவரு கேட்டாரு. ஏதாச்சும் ஒண்ணு சொல்லணும்ல.” ஒரு வாக்கியத்துக்கு ஒரு மூச்சு என்று நிறுத்தி நிறுத்தித்தான் அவரால் பேச முடியும். “கொட்டகைன்னு சொன்னா நிப்பாட்டச் சொல்லுவாரு. இருபத்திரண்டு வருசம். ஒத்த ஆளா நீ உண்டாக்குனது. நான் தோல் ஷாப்ப விட்டுட்டு வந்து உக்காந்தப்ப அந்த அடுப்புதான் சோறு போட்டுச்சு. நம்ம மக இஃப்பத்தக் கட்டிக் குடுத்துச்சு.” கொஞ்சம் இளைப்பாறினார். “பீடின்னா என் தலையோட போயிரும்.”

“அப்ப ஒங்களுக்குத் தெரியும்.”

“மூச்சு விடுறவனுக்குத் தெரியாதா?”

அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்.

“யாரைக் கேட்டு என் அடுப்புக்குப் பீடின்னு பேரு வச்சீக?” என்றாள். “இருபத்திரண்டு வருசமா எரியுறது என் அடுப்பு. அதுக்கு ஏச்சு வாங்குறதுக்கு நீங்க யாரு?”

பக்ருதீன் சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. அவர் முதுகை நீவிக்கொண்டே அவள் ஜன்னலைப் பார்த்தாள். துண்டு ஈரம் காய்ந்து, விளிம்பெல்லாம் கருத்துப்போய் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் விறகு லோடு எப்போது சொல்லட்டும் என்று நியாஸ் கேட்டான்.

“சொல்லாத. இனிமே விறகு வேணாம். பெரிய பர்னர் மூணு, சிலிண்டர் ரெண்டு சொல்லு.”

நியாஸ் அவளையே பார்த்தான். “தெருமுனையில பலகை வச்சிருக்கோமே, அதுல என்னா எழுதியிருக்குன்னு படிச்சியா?”

“எழுதச் சொன்னதே நான்தான்டா.”

“கேஸ்ல பிரியாணியா? ஆளுக சிரிப்பாகக்கா.”

“சிரிக்கட்டும். சிரிக்க மூச்சு இருக்குல்ல அவுகளுக்கு.”

அதற்கு மேல் நியாஸ் பேசவில்லை. ஆனால் கேஸ் பேசியது. முதல் இரண்டு கிலோ அடிப்பிடித்தது. அடுத்தது மேலே குழைந்து நடுவில் வேகாமல் விதையாக நின்றது. விறகில் தீயைத் தணிக்க வேண்டுமென்றால் ஒரு கட்டையை வெளியே இழுத்தால் போதும், கை தானாகப் போகும். இங்கே திருகைத் தொட்டால் ஒன்று சீறும், இல்லையென்றால் அணையும். மூடி மேல் வைக்கக் கங்கும் கிடையாது. தம் என்பதே மேலும் கீழும் சமமாகச் சூடு நிற்பதுதானே. அவள் யோசித்தாள். தேக்சாவுக்கு அடியில் கனத்த இரும்புத் தகட்டைப் போட்டாள். மூடியின் மேல், கொதிக்கக் கொதிக்க ஒரு அண்டா தண்ணீரை ஏற்றி வைத்தாள். இருபது நிமிஷத்தில் அந்தத் தண்ணீரை எடுத்துவிட்டு வேறு கொதிநீர். நாலு நாள் அந்தத் தெருவுக்கு இலவசமாகப் பிரியாணி கிடைத்தது. ஐந்தாம் நாள் மூடியைத் திறந்தபோது அரிசி ஒவ்வொன்றாக நின்றது.

நியாஸ் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மென்றான். “நல்லாத்தான் இருக்கு. அந்த விறகு வாசம் இல்ல.”

“அந்த வாசம்தான்டா மச்சானை ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போட்டது.”

இரண்டு பேர் ஆர்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் போனிலேயே சண்டை போட்டார். நசீம் பானு எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள்: விறகு இல்லை, வேண்டுமென்றால் கேஸ். பிறகு கடப்பாரையை எடுத்துக் கொட்டகை அடுப்புகளைத் தானே இடித்தாள். நியாஸ் தகரத்தைப் பிரித்துக் கீழே போட்டான். அதன் அடிப்பக்கத்தைச் சுரண்டியபோது, கரி பொடியாக வரவில்லை, பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வந்தது. ஒரு பொருக்கை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தாள். பிசுபிசுப்பாக ஒட்டியது. அவளுக்கு இருமல் வந்தது. காலை நேரத்து அந்த இருமலை, மிளகாய் நெடி என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவந்தாள். அன்று கொட்டகையில் மிளகாய் இல்லை.

சாயங்காலம் பெயிண்ட் டப்பாவோடு தெருமுனைக்குப் போய், பலகையில் ‘விறகு அடுப்பு’ என்ற இரண்டு சொற்களை மட்டும் அழித்துவிட்டு வந்தாள்.

அடுத்த வெள்ளி மாலை தொண்ணூற்று இரண்டு. ஞாயிறு தொண்ணூற்று மூன்று. லாரி போகும் பாதையில் புழுதி இருந்தது, பனிக்காலம் தொடங்கியிருந்தது, எந்தக் காற்றும் சுத்தமில்லை. சுருங்கின குழாய் விரியவும் இல்லை. படி ஏறினால் இப்போதும் நடுவில் நிற்கத்தான் வேண்டும். ஆனால் அடுப்புகளை இடித்த பிறகு முப்பத்தோரு நாள் பக்ருதீன் கிளினிக் படுக்கையைப் பார்க்கவில்லை. முப்பத்தோராம் நாள் சாதாரணமாகக் காட்டிவிட்டு வர, சொந்தக் காலில் நடந்து போனார்.

கிளினிக் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அறுபது வயசு இருக்கும். பெயர் மூக்காயி. சாணார்பட்டிக்குப் பக்கத்து ஊர். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது.

“எனக்கு என்னாத்துக்கு இந்த இழவு வந்துச்சுன்னே தெரியலத்தா” என்றாள். “பீடியா சுருட்டா, வெத்தலகூடப் போட மாட்டேன். எம் மகன் டிராக்டரு ஓட்டுறான், அந்தப் புகையாத்தேன் இருக்கும்ங்குறான்.”

அவள் சேலையிலிருந்து வந்த வாடை நசீம் பானுவுக்கு நன்றாகத் தெரிந்த வாடை.

“வீட்டுல என்னத்துல சமையல்?”

“கேஸு குடுத்துருக்காகள்ல. அதுல காப்பி போடுவேன். சோறு, வெஞ்சனம், மாட்டுக்குக் கஞ்சி, குளிக்கத் தண்ணி, எல்லாம் பின்னாடி சாய்ப்புல தென்ன மட்டையும் பாளையும் வச்சு எரிச்சுத்தேன். தோப்புல சும்மா கெடக்குது, எதுக்கு வீணாக்குவானேன்?”

உள்ளே அழைத்தார்கள். அந்தக் கிளினிக்கில் ஒருவரைப் பார்க்கும்போதே அடுத்தவரையும் உள்ளே கூப்பிட்டுச் சுவரோர ஸ்டூலில் உட்கார வைத்துவிடுவது வழக்கம். மூக்காயி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம், மூன்று பக்கம். முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா பாய்? வெள்ளி ஞாயிறுல ஒரு நாள்கூட விழல. அன்னைக்கு நான் கத்தினது வேலை செஞ்சிருக்கு.” பக்ருதீனின் தோளில் தட்டினார். “பீடியை விட்டீங்க, ஒரே மாசத்துல தெரியுது. இனிமே தொடாதீங்க.”

“சரி சார்” என்றார் பக்ருதீன். மேசைக்கு அடியில் அவர் கை நசீம் பானுவின் மணிக்கட்டைப் பிடித்தது. போதும், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, இதோடு எழுந்துவிடலாம் என்கிற பிடி.

அவள் எழுந்தும்விட்டாள். அடுப்பு இல்லை, புகை இல்லை. மருந்துச் சீட்டு கையில் இருந்தது. இனிமேல் யாருக்கு என்ன சொல்ல வேண்டியிருக்கிறது? டாக்டர் அதற்குள் ஸ்டூல் பக்கம் திரும்பியிருந்தார்.

“சொல்லுங்கம்மா. பீடி, சுருட்டு?”

“ஐயய்யோ, இல்லீக சாமி.”

“மில்லு வேலை ஏதாவது?”

“காட்டு வேலைதேன்.”

“வீட்டுல எதுல சமைக்கிறீங்க?”

“கேஸுதேன் சாமி” என்றாள் மூக்காயி.

டாக்டர் பேனாவை எடுத்தார்.

நசீம் பானு கணவரின் கையை மணிக்கட்டிலிருந்து மெல்ல விலக்கினாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எழுதாதீங்க சார்” என்றாள்.

டாக்டர் நிமிர்ந்தார். மூக்காயியும் நிமிர்ந்தாள்.

“இதே நாற்காலியில உக்காந்து நானும் இதையேதான் சொன்னேன். பொய் சொல்லல. வீட்டுக்குள்ள கேஸ்தான்.” கையிலிருந்த மருந்துச் சீட்டை மேசையில் வைத்தாள். “கொல்லையில கொட்டகை போட்டு மூணு விறகு அடுப்பு இருந்துச்சு. இருபத்திரண்டு வருசமா அதை எரிச்சவ நான். வெள்ளியும் ஞாயிறும் எங்களுக்கு ஆர்டர் நாள். இவரு பீடியத் தொட்டு ஒன்பது வருசமாச்சு.”